ஆம்ப் சுமக்காமல் பேஸ் வாசிக்க முடியுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 43. கல்லூரியில் படித்தபோது சபையின் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் பேஸ் (கீழ்ச் சுரங்களுக்கான நான்கு கம்பிக் கிட்டார்) வாசித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனது. இப்போது மறுபடி ஆசை வந்திருக்கிறது. ஞாயிறு மாலை வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில் இரண்டு கிட்டார், ஒரு கஹோன் (கையால் தட்டும் மரப்பெட்டி), பாடுவதற்கு இருபது பேர். என் பழைய ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) 25 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற என் தோள் இடம் தராது. மரப்பெட்டியே ஒலி எழுப்பும் அக்கூஸ்டிக் பேஸ் வாங்கிவிடலாம் என்று திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். 34 அங்குல ஸ்கேலில் (அதிரும் கம்பியின் நீளம்) ஜம்போ என்ற மிகப் பெரிய உடம்பு உள்ள ஒன்றைக் காட்டி, "இவ்வளவு பெரிய பெட்டி, ஆம்பே வேண்டாம்" என்றார்கள். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மொத்தம் 30,000 வரை செலவழிக்க முடியும். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அதை வாங்கலாமா? சாலிட் டாப் (ஒட்டுப்பலகை இல்லாத முழு மர முன்பலகை) உள்ளதாகத் தேட வேண்டுமா? பழைய பேஸ் தம்பி வீட்டில் சும்மா கிடக்கிறது, அதை விற்றுவிடட்டுமா?

பதில்:

டீச்சர், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜம்போவை வாங்க வேண்டாம். தம்பி வீட்டு பேஸை விற்கவும் வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

கடைக்காரர் உங்களிடம் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அதை மடியில் வைத்து வாசித்துப் பார்த்திருப்பார், அவருக்குப் பலமாகத்தான் கேட்டிருக்கும். இந்த வாத்தியம் ஆளை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். பின்பலகை வாசிப்பவரின் நெஞ்சோடும் வயிற்றோடும் ஒட்டி இருக்கிறது. காதுக்கு வருவதற்கு முன்பே உடம்பு வழியாக ஒவ்வொரு சுரமும் ஏறிவிடுகிறது. பத்தடி தள்ளி நிற்பவருக்கு அதில் கால்வாசிகூடப் போய்ச் சேராது.

நானே இப்படி ஏமாந்தவன். இருபது வருடமாகக் கிட்டாரும் பேஸும் பழுதுபார்க்கிறேன். ஆரம்ப காலத்தில் சென்னையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் சின்னக் கச்சேரி. இரண்டு கிட்டார், ஒரு பாடகர், கூட ஒரு ஜம்போ பேஸோடு நான். ஆம்ப் கிடையாது. ஒன்றரை மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்தேன், விரல் நுனி கொப்பளித்துவிட்டது. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா என்னிடம் வந்து, "கடைசிவரைக்கும் கையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தீங்களே தம்பி, உங்களுக்கு மைக் குடுக்கலையா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் இந்த வாத்தியத்தைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். பேஸின் தடித்த ஈ (E) கம்பி நொடிக்கு 41 தடவை, அதாவது 41 ஹெர்ட்ஸில், அதிர்கிறது. அடுத்து ஏ (A) 55, டி (D) 73, ஜி (G) 98. கிட்டாரின் கீழ் ஈ 82, அதாவது பேஸைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான் நன்றாக மூச்சு விடும். அதற்குக் கீழே போகப்போகப் பெட்டி உதவுவதை நிறுத்திக்கொள்ளும். ஜம்போ பேஸின் பெட்டி கிட்டாரைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. 41-க்கு அது எந்த மூலைக்கு? ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸின் பெட்டியே 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான் மூச்சு விடுகிறது. மடியில் வைத்துக்கொள்ளும் எந்தப் பெட்டியும் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

அப்படியென்றால் அக்கூஸ்டிக் பேஸில் கேட்பது என்ன? பெரும்பாலும் மேல் சுரங்கள். 41 வராவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 164 எல்லாம் வருகின்றன. காது அவற்றைக் கூட்டிப் பார்த்து, கீழே 41 இருந்தாக வேண்டும் என்று தானே நிரப்பிக்கொள்ளும். எண்பதுகளில் இளையராஜா பாட்டின் பேஸ் ஓட்டத்தை நாம் கேட்டது எதில்? உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் வைத்த டிரான்சிஸ்டரில். அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, இருந்தும் பேஸ் எங்கே ஏறியது எங்கே இறங்கியது என்று நமக்குத் தெரிந்தது. அக்கூஸ்டிக் பேஸும் இதே தயவில்தான் பிழைக்கிறது. தனி அறையில் இது போதும். இருபது பேர் கைதட்டிப் பாடும் கூடத்தில், காது பிடித்துக்கொள்ள வேண்டிய அந்த மேல் சுரங்களும் பாட்டுக்குள்ளும் கிட்டாருக்குள்ளும் மூழ்கிவிடும். கஹோன் வேறு இருக்கிறது. அதன் நடுப்பலகையில் விழும் ஒரு அடி உங்கள் நான்கு கம்பியையும் விழுங்கிவிடும்.

பெட்டியைப் பெரிதாக்கினால் தீராதா என்று நம்மைவிடப் பெரிய ஆட்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். கம்பி வியாபாரத்தில் பெயர் பெற்ற அமெரிக்கர் எர்னி பால் 1972-ல் எர்த்வுட் என்ற பேஸைக் கொண்டுவந்தார். இன்று நாம் அக்கூஸ்டிக் பேஸ் என்று சொல்லும் வாத்தியம் அதிலிருந்துதான் கிளைத்தது. மெக்சிகோவின் மரியாச்சிக் குழுக்களில் வாசிக்கும் கிட்டாரோன் என்ற பெருவயிற்றுக் கருவி அவருக்கு வழிகாட்டி. எர்த்வுட்டின் பெட்டி 8 அங்குலத்துக்கு மேல் ஆழம். சாதாரணக் கிட்டாரில் 5 அங்குலம்கூட இருக்காது. சத்தம் நன்றாகவே வந்தது, ஆனால் கட்டிப்பிடித்து வாசிப்பது பெரும் பாடு. 1985-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த கம்பெனிகள் ஆழத்தைக் குறைத்து, உள்ளே பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் கருவி) வைத்து, ஆம்பில் செருகிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டன. உங்களுக்குக் காட்டிய ஜம்போவும் அந்த வகைதான். பக்கவாட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் வைத்திருப்பார்கள், போய்ப் பாருங்கள். ஆம்பே வேண்டாத வாத்தியத்துக்கு அது எதற்கு?

ஆக, எதை வாங்கினாலும் உங்கள் ஜெபக்கூட்டத்துக்கு ஆம்ப் வேண்டும். அதனால் என் யோசனை, பேஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆம்பை வாங்குங்கள். உங்களைப் பயமுறுத்துவது அந்த 25 கிலோ. இன்றைக்கு 8 அங்குல ஸ்பீக்கரோடு 25 முதல் 40 வாட் வரை உள்ள பேஸ் ஆம்ப் அதில் பாதி எடைகூட இருக்காது, ஒரு கையில் தூக்கலாம். இருபது பேர் பாடும் கூடத்துக்கு அது தாராளம். தெருவோரம் பாடுகிறவர்கள் வைத்திருக்கும் குட்டிக் கிட்டார் ஆம்பை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். பேஸைச் செருகிச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழிந்துபோகும். பேஸ் ஆம்ப் கிடைக்காவிட்டால் கீபோர்ட் ஆம்ப் பரவாயில்லை. உங்கள் 30,000-ல் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

வாங்கியதும் தம்பி வீட்டுப் பேஸை எடுத்துவந்து, கம்பி மாற்றி, இரண்டு மாதம் ஞாயிறு கூட்டத்தில் வாசியுங்கள். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு விரலுக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்கே இப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். எலெக்ட்ரிக்கே போதும் என்று தோன்றினால் இருபதாயிரம் மிச்சம். அப்படித்தான் ஆகும் என்பது என் ஊகம். ஆனாலும் சிலருக்கு அந்த மரப்பெட்டியின் சத்தம்தான் வேண்டும், வேறு எதிலும் மனம் அடங்காது. ராத்திரி பதினொரு மணிக்கு எந்த ஒயரையும் செருகாமல் சோபாவில் சாய்ந்து பத்து நிமிடம் வாசிக்க அக்கூஸ்டிக் பேஸைப்போல ஒன்று கிடையாது. அந்த ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அப்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. உங்கள் உயரத்துக்கும் தோளுக்கும் ஜம்போ ஒத்துவராது. அதன் அகலமான அடிப்பகுதி வலது அக்குளுக்குள் ஏறி, தோளைத் தூக்கிவைத்தபடியே வாசிக்க வைக்கும். முக்கால் மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். இடது கைக்கும் கணக்கு இருக்கிறது. 34 அங்குல ஸ்கேலில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (விரல் பலகையில் பதித்த உலோகப் பட்டை) நான்காவது ஃப்ரெட் வரை 13 சென்டிமீட்டர். ஆட்காட்டி விரலும் சுண்டு விரலும் அவ்வளவு அகல வேண்டும். 32 அங்குலத்தில் அது 12 சொச்சம், 30-ல் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம். கையில் வைத்துப் பார்த்தால் வேறு வாத்தியம் போல இருக்கும். இபனேஸ் கம்பெனியின் பிசிபிஇ12 போன்ற 32 அங்குல, சிறிய உடம்பு பேஸ்கள் உங்களுக்குச் சரியாக வரும். அதையும்விடச் சின்னது வேண்டுமென்றால் டெய்லர் கம்பெனியின் ஜிஎஸ் மினி பேஸ் 23.5 அங்குலம்தான். அருமையான வாத்தியம், ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு ரொம்ப மேலே.

யூகலேலே அளவுக்கு ஒரு பேஸ் உண்டு, யூ-பேஸ் என்பார்கள், காலா கம்பெனி பிரபலமாக்கியது. ஸ்கேல் 21 அங்குலம் பக்கம், ரப்பர் போலத் தடித்த பாலியூரித்தேன் கம்பிகள். ஆம்பில் செருகினால் டபுள் பேஸ் போலவே கும்மென்று வரும். செருகாவிட்டால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. முதல் நாள் கம்பி இழுத்துக்கொண்டே போகும், ட்யூனிங் நிற்காது, பயப்படாதீர்கள். தோள்வலி உள்ளவர்களுக்கு நான் இதைப் பலமுறை சிபாரிசு செய்திருக்கிறேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை.

சாலிட் டாப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பட்ஜெட்டில் அதைத் தேடி அலைய வேண்டாம். கிட்டாரில் அது பெரிய வித்தியாசம் காட்டும். பிக்கப் வழியாக ஆம்பில் வரும் பேஸில் அவ்வளவு காட்டாது. மழைக்காலம் முழுக்க ஈரம் ஊறும் உங்கள் பக்கத்துக்கு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் பலகைதான் நிம்மதி, வீங்கிச் சுருங்கிக் கொண்டிருக்காது.

கம்பி விஷயம் பலகையைவிட முக்கியம். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் பாஸ்பர் பிரான்ஸ் (ஒருவகை வெண்கலம்) கம்பி போட்டிருப்பார்கள். பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் விரல் நகரும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். ஜெபத்துக்கு நடுவில் அந்தக் கீச்சு நாராசமாக இருக்கும். டேப்வவுண்ட் என்று கறுப்பு நைலான் நாடா சுற்றிய கம்பி உண்டு. வழவழப்பாக இருக்கும், விரலுக்கு இதம், ஆம்பில் டபுள் பேஸின் சாயல் வரும். செருகாமல் வாசித்தால் பிரான்ஸைவிடச் சத்தம் குறையும், அதுதான் விலை. நீங்கள் எப்படியும் ஆம்பில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்பதால் நான் டேப்வவுண்ட் பக்கம். பேஸ் கம்பி செட் கிட்டார் கம்பியைப் போலப் பல மடங்கு விலை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலுக்கு ஏற்ற நீளம் கேட்டு வாங்குங்கள். 34 அங்குலக் கம்பியைக் குட்டி பேஸில் போட்டால் தடித்த பகுதி முளைக்குச்சியில் சுற்றிச் சில சமயம் அறுந்தே போகும்.

கடையில் சோதிக்கும்போது ஒரு விசிட்டிங் கார்டும் மில்லிமீட்டர் அளக்கும் சின்ன அளவுகோலும் எடுத்துப் போங்கள். முதல் ஃப்ரெட்டையும் நெக் (நீண்ட கழுத்து) உடம்பில் சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே பாருங்கள். கார்டு ஒன்று நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் சரி. ஐந்து ரூபாய் நாணயமே நுழைகிறது என்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருப்ப வேண்டும். அது பெரிய குறை இல்லை, நல்ல கையில் பத்து நிமிட வேலை. அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். தடித்த ஈ கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் நல்லது, மூன்றரையைத் தாண்டினால் கை வலிக்கும்.

உயரம் அதிகம் என்றால் பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) மேலே தெரியும், கம்பிகளைத் தாங்கும் வெள்ளைச் சேடிலைப் பாருங்கள். அதில் மூன்று மில்லிமீட்டராவது வெளியே தெரிந்தால் தேய்த்து இறக்கலாம். உயரமும் அதிகம், சேடிலும் பிரிட்ஜோடு பிரிட்ஜாகத் தேய்ந்து கிடக்கிறது என்றால் அந்த வாத்தியத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நெக்கின் கோணமே கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு பேஸ் வாங்கலாம். விலை குறைவு என்று இப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே எனக்குச் சங்கடமான வேலை.

ஆம்பில் செருகி நான்கு கம்பியையும் ஒரே பலத்தில் மீட்டிப் பாருங்கள். சேடிலுக்கு அடியில் இருக்கும் பியசோ பிக்கப் சரியாகப் பதியாவிட்டால் ஒரு கம்பி மட்டும் அமுங்கிப் போகும். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் பொங்கி எழுந்து கூடமே அதிர்ந்தால் அது பெட்டியின் இயல்புச் சுரம். இந்த வகை பேஸ் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும், அதைக் குறை என்று தள்ளிவிட முடியாது. சமாளிக்க ஒலித்துளையை மூடும் ரப்பர் மூடி வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்ப் ஊளையிடுவதும் அதனால் அடங்கும். கடைசியாக, கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளிப்போய் நின்று ஒயர் இல்லாமல் கேளுங்கள். கூடவே யாராவது ஒருவரைக் கிட்டாரும் வாசிக்கச் சொல்லுங்கள். 'ஆம்பே வேண்டாம்' என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கூட்டத்தில் உட்காரும் இடத்துக்கும் ஒரு வித்தை உண்டு. சுவர் இரண்டும் சேரும் மூலையில் உட்காருங்கள், ஆம்பை நாற்காலி மேல் ஏற்றாமல் தரையில், சுவரை ஒட்டி வையுங்கள். கீழ்ச் சுரங்கள் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிக் கூடும். காசு செலவில்லாத ஆம்ப் அது. கிட்டார்காரர் இருவரில் ஒருவரைக் கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கிளிப்) போட்டு மேலே வாசிக்கச் சொல்லுங்கள். இருவரும் தடித்த கம்பிகளைச் சேர்த்து அடித்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு இடமே இருக்காது, எந்த பேஸ் வாங்கியும் பிரயோஜனமில்லை.

பராமரிப்புக்கு இரண்டே விஷயம். வாசித்து முடித்ததும் பேஸிலிருந்து ஒயரின் ஜாக்கை உருவிவிடுங்கள். செருகியபடி இருந்தால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி சீக்கிரமே செத்துவிடும். வெயிலில் பூட்டிய காரில் வாத்தியத்தை விடாதீர்கள். 34 அங்குல பேஸில் நான்கு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ பாரத்தில் பிரிட்ஜை இழுத்துக்கொண்டிருக்கின்றன. சூட்டில் பசை இளகினால் பிரிட்ஜ் அப்படியே எழும்பி வந்துவிடும்.

கொடுத்த முன்பணம் 2,000-ஐப் பணமாகத் திரும்பக் கேட்டால் கடைக்காரர் தயங்கலாம். அந்தக் கடையிலேயே ஆம்பும் கேபிளும் எடுத்துக்கொள்கிறேன், அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பொருள் போனாலும் இன்னொன்று விற்கிறதே என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். போகும்போது தம்பி வீட்டு பேஸையும் எடுத்துப் போய், அதையே செருகி ஆம்பைச் சோதித்து வாங்குங்கள்.